சந்தோஷமாக இருந்த நாட்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

நான்கு மாதம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த என் தம்பி, ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் குறைக்கிற கவாத்துக் கத்தியைத் தீட்டினான். கோத்தகிரிப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. கரடியும் காட்டுமாடும் நடமாடுகிற நேரம் அது. எங்கள் ஊரில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் யாரும் தோட்டத்துக்குள் கால் வைப்பார்கள். அவனோ டார்ச் லைட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டான். அம்மா வாசலில் நின்று, “எழுந்துவிட்டான், என் பிள்ளை எழுந்துவிட்டான்” என்று அழுதாள். நானும் அழுதேன். மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டோம்.

அவன் வெட்டிய செடிகள் கவாத்துக்கு நின்றவை அல்ல. இரண்டு நாளில் கொழுந்து எடுக்க வேண்டியவை. மறுநாள் இரட்டைக் கூலி பேசி நான்கு ஆட்களைக் கூட்டி வந்தான். ஒரு வாரத்தில் அரை ஏக்கர் மொட்டையாகிவிட்டது. கவாத்து செய்த செடியில் மறுபடி கொழுந்து எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது தேயிலைக்காரர்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் அவனிடம் அதைச் சொல்ல முடியவில்லை. சொந்தப் பெயரில் பாக்கெட் தேயிலை போட்டுத் துபாய்க்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். பிக்கப் வண்டிக்கு முன்பணம் கொடுத்தான். இரவு இரண்டு மணி நேரம்தான் தூங்கினான், களைப்பே இல்லை. எதிர்த்துப் பேசிய அம்மாவை முதல்முறையாகக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான்.

கம்பளிக்குள் கிடந்த நான்கு மாதத்தை நோய் என்று நினைத்தோம். கத்தி தீட்டிய விடியற்காலையைக் குணம் என்று நினைத்தோம். இரண்டும் பைபோலார் என்ற ஒரே நோய் என்று புரிய எங்களுக்கு ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடத்தை இன்னொரு வீட்டில் ஆறு வாரமாகக் குறைக்க முடிந்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன். தம்பியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

இருதுருவ மனநிலைக் கோளாறு என்று புத்தகங்களில் போடுகிறார்கள். பேச்சில் எல்லோரும் பைபோலார் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மனது கீழே போகிற காலமும் மேலே போகிற காலமும் மாறி மாறி வரும். இடையில் ஆள் முழுக்க இயல்பாக இருக்கிற காலமும் உண்டு. அது மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ நீளலாம். காலையில் சிரித்து மாலையில் எரிந்து விழுகிறவரைப் பார்த்து “உனக்குப் பைபோலாரா?” என்று கேட்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. இந்த நோயை மணிக்கணக்கில் அளக்க மாட்டார்கள். மனச்சோர்வு என்று சொல்லக் குறைந்தது இரண்டு வாரம், மேலே போகிற மேனியா என்று சொல்லக் குறைந்தது ஒரு வாரம் அந்த நிலை தொடர வேண்டும். ஆளை மருத்துவமனையில் சேர்க்கிற அளவுக்கு முற்றிவிட்டால் அந்த ஒரு வாரக் கணக்கும் தேவையில்லை.

மனச்சோர்வைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய்விடும். குளிப்பதே மலையேறுவது போலாகும். ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பைபோலாரில் வருகிற மனச்சோர்வும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். சாதாரண மனச்சோர்விலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது, அந்த ஆளுக்கு முன்பு எப்போதாவது மேலே போன காலம் இருந்ததா என்ற ஒரே கேள்விதான்.

மேலே போவது என்றால் என்ன? தூக்கமின்மையையும் தூக்கம் தேவைப்படாமையையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கவலையில் தூங்காதவர் மறுநாள் துவண்டு போவார். மேனியாவில் இருப்பவர் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் புது ஆளாக எழுவார். பேச்சு வேகமாகும், குறுக்கே புக முடியாது. ஒரு யோசனை முடிவதற்குள் அடுத்தது முளைக்கும். தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்று தோன்றும். பணம் தண்ணீராக ஓடும். ஆபத்து கண்ணில் படாது. கரடி நடமாடுகிற வேளையில் தனியாகத் தோட்டத்தில் இறங்கியதை நாங்கள் தைரியம் என்று நினைத்தோம். அது நோயின் அறிகுறி. எல்லோரும் சந்தோஷத்தில் மிதப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். சிலருக்கு மேனியா முழுக்க முழுக்கக் கோபமாகவே வரும். முற்றினால், கடவுள் தன்னிடம் பேசுகிறார், தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்றெல்லாம் உறுதியாக நம்புவார்கள்.

இதே எழுச்சி மட்டாக, நாலைந்து நாட்களாவது நீடிப்பதை ஹைப்போமேனியா என்பார்கள். இதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. ஆள் சுறுசுறுப்பாக, கலகலப்பாக, நாலு பேர் வேலையை ஒருவராகச் செய்வார். யார் அதை நோய் என்று டாக்டரிடம் போய்ச் சொல்வார்கள்? முழு மேனியா ஒருமுறையாவது வந்திருந்தால் முதல் வகை என்றும், மட்டான எழுச்சியோடு கடும் மனச்சோர்வும் வந்தால் இரண்டாம் வகை என்றும் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகை ‘லேசான பைபோலார்’ என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் சோர்விலேயே கழிக்கிற மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் அந்த வார்த்தை வாயில் வராது. சோர்வும் வேகமும் ஒரே நேரத்தில் கலந்து வருகிற நிலையும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணமும் அதைச் செய்யும் வேகமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

இனி எங்கள் தவறைச் சொல்கிறேன். தம்பி முதல்முறை படுத்தபோது மலையிறங்கி ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். தூங்கவில்லை, சாப்பிடவில்லை, அழுகிறான் என்று சொன்னோம். அதற்கு முந்தைய வருடம் தொடர்ந்து பத்து நாள் ராத்திரி பகலாகப் பெயின்ட் அடித்து, வீட்டுச் சுவரை மூன்று முறை நிறம் மாற்றியதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை பலருக்கு நல்ல மருந்து. ஆனால் பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் அதை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலரை அது நேராக மேனியாவுக்குள் தள்ளிவிடும். கவாத்துக் கத்தி வெளியே வந்தது அந்த மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரம். டாக்டர் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பாதிக் கோபத்தை எங்கள் மீதே திருப்பிக்கொண்டேன். நோயாளிக்கு அந்த நல்ல நாட்கள் நோயாகத் தெரியாது, அவர் வாயிலிருந்து வராது. கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

ஏன் வருகிறது? மூளையின் வேலையில் ஏற்படும் மாற்றம். வம்சாவளிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மீதி ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண் கொடுக்கிற இடத்தில் முதல் பாதிதான் காதில் விழுகிறது. பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் தலைகாட்டும். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 200 பேருக்கு ஒருவருக்கு வாழ்நாளில் இது வந்திருக்கிறது. தைராய்டு கோளாறும், ஸ்டீராய்டு மருந்தும், போதைப் பொருளும் இதைப் போலவே வேடம் போடும் என்பதால் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதுவார். ‘மனசுக்கு எதற்கு ரத்தம்’ என்று அம்மா கேட்டது போல நீங்கள் கேட்க வேண்டாம்.

மருந்துக்கு வருகிறேன். இதில் லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் அதன் கதையிலேயே சிகிச்சையின் முழுப் பாடமும் இருக்கிறது. கைப்பேசி பேட்டரியில் இருக்கிற அதே லித்தியம்தான், உப்பு வடிவத்தில். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று வருடத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி, மெல்போர்ன் அருகே ஒரு மனநல மருத்துவமனையில், யாரும் பயன்படுத்தாத சமையலறைக் கட்டிடத்தை ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டார். கினிப் பன்றிகளுக்கு லித்தியம் ஏற்றியபோது அவை அடங்கிக் கிடந்தன. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு 1948-இல், ஐந்து வருடமாக மேனியா விடாமல் இருந்த ஒருவருக்குக் கொடுத்தார். அந்த ஆள் தெளிந்து, வீட்டுக்குப் போய், பழைய வேலைக்கே திரும்பினார். 1949-இல் கேட் அதைக் கட்டுரையாக எழுதினார்.

கதையின் இந்தப் பாதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மறுபாதியும் உண்டு. நன்றாகிவிட்டோம் என்று அந்த ஆள் மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் மேனியா திரும்பியது. மறுபடி மருந்து கொடுத்தபோது, ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தொடர்ந்து அளந்து பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. 1950-இல் லித்தியம் விஷமாகி அவர் இறந்துபோனார். நிறுத்தினால் நோய் திரும்பும், அளக்காமல் கொடுத்தால் மருந்தே கொல்லும் என்ற இரண்டையும் முதல் நோயாளியே காட்டிவிட்டார்.

இன்று அளக்கிறோம். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அளவு 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷத்தன்மை தொடங்கிவிடும். தேவையான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவில் இவ்வளவு குறுகிய வரப்புதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டு சோதனையும் வேண்டும். லேசான கை நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை வழக்கமாக வரக்கூடியவை. ஆனால் வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பெரிய நடுக்கம் இவற்றைக் கண்டால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கோத்தகிரிக் குளிரில் ஸ்வெட்டரோடு இருக்கிறவர், சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் இறங்கி, திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இரண்டு நாள் வேர்த்துக் கொட்டினால் என்ன ஆகும்? தம்பிக்குக் கை நடுங்கத் தொடங்கியது அப்படிப்பட்ட ஒரு பயணத்தில்தான். சமவெளிக்குப் போனால் தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து விடக்கூடாது. உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு முதுகுவலி வந்தால் கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகளும் அப்படியே. மருந்துக் கடையில் எதைக் கேட்டாலும் ‘லித்தியம் சாப்பிடுகிறேன்’ என்பதை முதலில் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகை மழை. மண்சரிந்து குன்னூர் ரோடோ கோத்தகிரி ரோடோ அடைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மாத்திரை தீருகிற அன்று வாங்கப் போகிற பழக்கம் இங்கே ஆகாது. அடைமழைக் காலத்தில் பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். டாக்டரிடம் சொன்னால் எழுதித் தருவார். லித்தியத்தைப் பட்டென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்பும்.

லித்தியம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. வால்புரோவேட், கார்பமாசெபின், லாமோட்ரிஜின், குவெட்டியாபின், ஒலான்சபின் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. லாமோட்ரிஜின் தொடங்கியவருக்கு உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வால்புரோவேட் கர்ப்பத்தில் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் கெடுக்கக்கூடியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அதை எழுதினால் ‘வேறு மருந்து உண்டா’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பைபோலார் உள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. கர்ப்பத்தைத் திட்டமிடும்போதே மனநல மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். ‘கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்’ என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: கல்யாண வீட்டின் ராத்திரிக் கண்விழிப்பு ஒன்றே போதும் ஆளை மேலே ஏற்ற.

மாத்திரைக்கு அடுத்து இந்த நோயில் முக்கியம் தூக்கம்தான். தூக்கம் குறைவது மேனியாவின் அறிகுறி மட்டுமல்ல, அதைக் கிளப்பிவிடும் பொறியும் கூட. தம்பி முன்பு தேயிலை பேக்டரியில் இரவு ஷிப்டு பார்த்தான். ராத்திரி முழுக்க இலையை வாட்டி, விடியுமுன் உருட்டத் தொடங்குகிற வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அந்த வேலையை விடச் சொன்னது டாக்டர். சம்பளம் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட முழு மேனியா வரவில்லை.

இப்போது தம்பி மனைவி ஒரு காரியம் செய்கிறாள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தேதித் தாளைக் கிழித்ததும், அதன் பின்பக்கத்தில் அவன் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று பென்சிலால் எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைக்கிறாள். 7, 7, 6½, 7. தொடர்ந்து மூன்று தாளில் ஐந்துக்குக் கீழே போனால் டாக்டருக்குப் போன். போன மாசி மாதத் திருவிழாவில் 6, 4½, 4, 4 என்று இறங்கியது. மருந்தை இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். மேனியா வாசல் வரை வந்து திரும்பிப் போனது. அந்தக் கம்பியைத்தான் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் அப்படியே எடுத்துப் போகிறோம். அவர் நாடி பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்கிறார்.

சோர்வில் இருக்கும்போது வேறு கவனம் வேண்டும். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் பூட்டி வையுங்கள். லித்தியமும் மொத்தமாக அவர் கையில் இருக்க வேண்டாம், அன்றன்றைய மாத்திரையை எடுத்துக் கொடுங்கள். “சாகத் தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கடும் நிலையில் மின்சிகிச்சையும் உண்டு. சினிமாவில் காட்டுவது போல் அல்ல. மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சங்கிலியில் கட்டி வைப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ கூட்டிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் போனோம். மாத்திரையையும் பையில் எடுத்துப் போங்கள்.

எங்கே போவது? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள், மருந்தும் அங்கே இலவசம். எந்தக் கிழமை வருகிறார்கள், லித்தியம் அளவை எங்கே பார்ப்பார்கள் என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள் மாத்திரை என்று கேட்பீர்கள். ஒருமுறை மேனியா வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது மறுபடி வருகிறது. அதனால் பல வருடம், பலருக்கு வாழ்நாள் முழுக்க. சர்க்கரைக்குப் போடுகிறோமே, அந்தக் கணக்குதான். மாத்திரை தவிர, நோயையும் அதன் முன்னறிகுறிகளையும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித் தரும் ஆலோசனையும் கிடைத்தால் விடாதீர்கள். தம்பி தன் நோயைத் தானே அடையாளம் காணத் தொடங்கியது அதில்தான்.

மேலே சொன்ன சட்டத்தில் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே, தனக்கு மறுபடி நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எதைச் செய்யக் கூடாது, தன் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தம்பியும் எழுதினான். முறைப்படியான பத்திரம் தனியாக இருக்கிறது. அதோடு எங்களுக்கென்று ஒரு பக்கக் கடிதமும் எழுதி, அரிசி டின்னுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். பாஸ் புத்தகமும் ஏடிஎம் கார்டும் அக்காவிடம் போக வேண்டும். புது வியாபாரம் எதைப் பற்றிப் பேசினாலும் ‘ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும், வாதம் செய்யக் கூடாது. அம்மாவைத் திட்டினால், திட்டுவது அவன் அல்ல, நோய் என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்: “கவாத்துக் கத்தியை ஒளித்து வைக்கவும். எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் தர வேண்டாம்.”